கடுகின் நாற்காலி

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், கடல் கடந்து ஒரு மழலையர் பள்ளியில் தொண்டு செய்யப் போன முதல் நாள், காலை ஒன்பதரைக்கு ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். பதினோரு மாதம் கழித்துத்தான் அது அவரை விட்டது. மஞ்சள் நிற நாற்காலி, முழங்கால் உயரம்கூட இராது. முப்பத்து மூன்று வருடமாக, அவர் நுழைந்த அறையில் காலியாக இருந்த நாற்காலியெல்லாம் அவருடையதுதான் என்பதால், யாரையும் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. தச்சர் வந்து நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, "நாற்காலியில ஒரு கோளாறும் இல்லீங்க" என்று சொல்லிப் போனார். எண்ணெய், சோப்பு, ரம்பம் எதற்கும் அது மசியவில்லை. நாலாம் நாளிலிருந்து தலைமையாசிரியை அதோடு நடந்தார், அதோடு ஒருக்களித்துப் படுத்தார். பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடவும் செருப்பு வார் மாட்டிவிடவும் அந்த உயரம் தோதாக இருந்ததால் பள்ளியில் யாரும் குறை சொல்லவில்லை.

அவருக்கோ மூன்றாம் மாதம் வீடு திரும்பியாக வேண்டும். வெந்நீர் வைப்பதைத் தவிர அடுப்படியில் வேறெதுவும் தெரியாத கணவர் தனியாக இருந்தார். நாற்காலியோடு வருபவரை இருக்கையில் உட்கார வைக்க வழியில்லை என்று விமான நிறுவனத்தார் மரியாதையாக எழுதிவிட்டார்கள். அன்று அவர் வாய்விட்டு அழுதார். பள்ளி ஆயாதான் பக்கத்தில் வந்து, "உக்கார்றதுக்கு முன்னாடி அந்தப் பாப்பாகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

பாப்பாவுக்கு நாலு வயது. சிறுத்தாலும் காரம் குறையாதவள் என்பதால் தலைமையாசிரியை அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தார். நாற்காலி அவளுடையது, வேறெதிலும் உட்கார மாட்டேன் என்று மூன்று மாதமாக நின்றபடியே படம் வரைந்துகொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் அனுமதி கேட்டறியாத தலைமையாசிரியை, புதிதாகக் கற்ற அந்த ஊர்ப் பேச்சில் தட்டுத்தடுமாறி, "நான் எழுந்துக்கட்டுமா பாப்பா?" என்று கேட்டார். கடுகு வண்ணக்குச்சியைக் கீழே வைக்காமலே, "நாளைக்கு" என்றாள். மறுநாளும் அதையேதான் சொன்னாள். பெரியவர்கள் அவளிடம் நூறு முறை சொன்ன பதில்தான், வேறு எங்கே கற்றிருப்பாள்? எட்டு மாதம் தினமும் கேட்டதில் தலைமையாசிரியையின் குரலில் இருந்த பிரம்பு எங்கோ தொலைந்துபோனது. பெரிய பள்ளிக்குப் போகும் நாளில் கடுகு நாற்காலியருகே நின்று தன் காலை அளந்து பார்த்தாள். "எனக்குச் சின்னதாப் போச்சு, நீயே வெச்சுக்கோ" என்றாள். நாற்காலி பொத்தென்று விழுந்தது. விடுதலை கிடைத்தவர், கடுகைக் கட்டிக்கொண்டு விட மனமில்லாமல் நெடுநேரம் நின்றார்.

ஊருக்கு நாற்காலியும் கூடவே வந்தது. பெட்டியைப் பிரிப்பதற்குள் கணவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அது என்னோடது. கேட்டுட்டு உட்காருங்க."

"என் வீட்டுல நான் யாரைக் கேக்கணும்?" என்று கணவர் அதில் உட்கார்ந்தார்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. காய் நறுக்கவும் துணி மடிக்கவும் அந்த உயரம் தோதாக இருக்கிறது என்று இப்போது அவரே சொல்கிறார். ஆனாலும் தினமும் காலையில், எழுந்துகொள்ளலாமா என்று மனைவியிடம் ஒருமுறை கேட்டுவிடுவார். தலைமையாசிரியை செய்தித்தாளைக் கீழே வைக்காமலே, "நாளைக்கு" என்பார்.