நிறம் மங்கிய பிரேக் ஆயில்

1

மாமா இந்த வீட்டுப் படியிறங்கிப் போய் இன்றோடு பதினோரு நாட்களும் நான்கு மணி நேரமும் ஆகின்றன. இந்தக் கதை பிறந்த காரணம் அதுதான். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இதை எழுதுகிறவளுக்குத் தன்னை 'நான்' என்று சொல்லிப் பழக்கமில்லை. வகுப்பில் வருகைப் பதிவுக்கே கையை மட்டும் தூக்கியவள். ஆகவே அவளை 'மகள்' என்று வைத்துக்கொள்வோம். மகள், அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, அப்புறம் ஒரு பழைய கார். (காரையும் ஆள் கணக்கில் சேர்த்தாயிற்று. அப்பாவைக் கேட்டால் அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பார்.)

2

முதல் தொடக்கம்: "மலைச்சாலை இறக்கத்தில் ஏழாவது வளைவில் அப்பா மிதித்த பிரேக் பெடல்…"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் விபத்துக்காகப் படிப்பீர்கள். விபத்து சின்னது. பெடல் தரைவரை போனது. அப்பா கைபிரேக்கை இழுத்து வண்டியை ஓரத்து மண்மேட்டில் ஏற்றினார். அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. அவ்வளவுதான்.

('அவ்வளவுதான்' என்பதை அடித்துவிடுங்கள். அம்மாவால் இப்போது தலை பின்ன முடியாது.)

இரண்டாம் தொடக்கம்: "பிரேக் ஆயில் என்று எல்லோரும் சொன்னாலும் அது எண்ணெயே கிடையாது."

இது கட்டுரை. ஆனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது குழாய்க்குள் ஆவி உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். பெடல் வெறுமனே உள்ளே போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். பெயின்டில் சிந்தினால் பெயின்ட் உப்பி உரியும்.

இன்னொன்று சிலிக்கோன் வகை. ஈரத்தை உறிஞ்சாது, பெயின்டைத் தொடாது, ஊதா நிறத்தில் வரும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. ஒரே வண்டியில் சேர்ந்து இருக்கவும் கூடாது.

3

எது ஊற்றுவது என்று ஏழு வருடத்துக்கு முன் அப்பாவும் மாமாவும் ஷெட்டில் நின்று வாதாடினார்கள். மாமா மெக்கானிக்.

"சிலிக்கோனே ஊத்து மாப்ள, அது பெயின்டைத் தொடாதுன்னு நீதானே சொன்ன" என்றார் அப்பா. "இந்தப் பெயின்டுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"வண்டி நிக்கிறதை விடப் பெயின்டா முக்கியம் அத்தான்?"

"ரெண்டும்தான்."

மாமா பழையதை முழுக்க வடித்து, ரப்பர்களை எல்லாம் மாற்றி, ஊதா நிறத்தை ஊற்றி மூடினார்.

"இனி இந்த மூடியை நான் மட்டும்தான் திறப்பேன். யாரும் கை வைக்கக் கூடாது. விஞ்ஞானி, உனக்கும்தான்."

மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் ஒரு "ம்" சொன்னாள். திறக்கக் கூடாது என்பது பிறகும் நினைவிருந்தது. ஏன் என்பது நினைவில்லை.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: ஊதாச் சாயம் வருடங்கள் போகப் போக மங்கும். இந்த வண்டியில் அது வெளிர் மஞ்சளாகிவிட்டிருந்தது. சாதாரண வகையின் நிறமும் அதேதான்.)

4

"பயணத்துக்கு முந்தைய நாள், ஆயில் அளவு கோட்டுக்குக் கீழே இருப்பதைப் பார்த்த யாரோ ஒருவர்…"

இந்த யாரோ ஒருவரை மூன்று வரைவுகளில் மாற்றிப் பார்த்தாயிற்று. முதலில் பக்கத்து வீட்டுக்காரர். அவர் எதற்கு இந்த ஷெட்டுக்குள் வரப்போகிறார்? அடுத்து, பெட்ரோல் போடுகிற ஆள். மூன்றாவதில், ஞாபகமறதியில் மாமாவே. அதை எழுதும்போது பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா நம்புவதும் அந்த மூன்றாவது வரைவைத்தான்.

நடந்தது இது. "அளவு பாரும்மா. கொறைஞ்சிருந்தா மாமாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளு" என்றார் அப்பா. மகளுக்குப் போனில் பேசுவது வேப்பங்காய். ஷெட்டு அலமாரியில் பாதி காலியான ஒரு பிரேக் ஆயில் டின் இருந்தது, எப்போதோ திறந்தது. வண்டியிலிருந்து ஒரு துளி, டின்னிலிருந்து ஒரு துளி, இரண்டையும் வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வைத்து வெயிலில் பார்த்தாள். ஒரே நிறம். பரிசோதனைக் கூடத்தில் விடை சரியாக வந்த மகிழ்ச்சி. ஒரு தம்ளர் தண்ணீர் போதும், ஒன்று கரைந்திருக்கும், மற்றது மிதந்திருக்கும். வேதியியல் படித்தவள் அதைச் செய்யவில்லை.

"பாத்தியாம்மா?"

"கோடு வரைக்கும் இருக்குப்பா."

அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றுமில்லை.

5

விபத்துக்குப் பிறகு மாமா வண்டியிலிருந்து வடித்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். அரைமணி நேரத்தில் அது இரண்டு அடுக்காகப் பிரிந்தது.

"ரெண்டு வகை" என்றார் அப்பா. "மூடியைத் திறக்கிறது நீ மட்டும்தானே?"

மாமா வண்டியைப் பார்த்தார். பானெட் ஓரத்தில் ஒரு பருப்பளவு பெயின்ட் உப்பியிருந்தது. சிலிக்கோன் அப்படிச் செய்யாது. பிறகு கதவருகே நின்ற மகளைப் பார்த்தார். தோளில் கிடந்த துணியை எடுத்து, கை துடைப்பவர்போல, அந்தப் புள்ளியின் மேல் போட்டார்.

"என் கைத்தப்பா இருக்கும் அத்தான்."

"இருக்குமா? அங்க உன் அக்கா கையொடிஞ்சு கெடக்கா."

"என் தப்புதான்."

"அப்ப இனி இந்தப் படி ஏறாத."

மகள் வாயைத் திறந்து

(இந்த வாக்கியம் பதினோரு நாட்களாக இப்படியேதான் நிற்கிறது.)

6

முடிவு ஒன்று: கோபம் ஆறி அப்பாவே மாமாவைக் கூப்பிடுகிறார். அப்பாவை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

முடிவு இரண்டு: மகள் இந்தக் காகிதங்களை அப்பாவின் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். எழுதுகிறவளுக்குப் பிடித்த முடிவு இதுதான், வாய் திறக்க வேண்டாம் பாருங்கள். ஆனால் அப்பா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "யாரோட கதைம்மா இது?" என்று கேட்பார். அப்போதும் வாய் திறந்தாக வேண்டும்.

இன்று காலை அம்மாவுக்குத் தலை பின்னிவிடும்போது அம்மா சொன்னாள்: "உன் மாமா சின்ன வயசுலயே அப்படித்தான். பூனை உடைச்ச சட்டிக்கும் அவன்தான் அடி வாங்குவான்."

"ஏம்மா?"

"பூனைக்குப் பேச வராதுல்ல."

அம்மா முகத்தைத் திருப்பவில்லை. பின்னல் பாதியில் அவிழ்ந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

7

இது எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து எழுதியது. 'மகள்' இனி வேண்டாம்.

நான் சொன்னதற்கு அப்பா என்ன சொன்னார், மாமா படியேறினாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அப்பா எப்படியோ அப்படி. என் கதை என் வாய்வரைக்கும்தான்.

ஷெட்டில் அப்பா உப்புத்தாளோடு பானெட் ஓரத்தில் குனிந்திருந்தார்.

"பெயின்ட் உப்பியிருக்கு பாரு. சிலிக்கோன் பெயின்டைத் தொடாதுன்னு சொன்னான் உன் மாமா. அதுவும் பொய்யா?"

"பொய் இல்லப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா ஊத்துனது தொடாது. இது அலமாரியில இருந்த பழைய டின். மூடியைத் திறந்து ஊத்துனது நான்தான்ப்பா."