இசக்கிப்பாண்டியின் மூன்றாவது ஹாரன்

சயான் சிக்னலில் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஹாரன் அடிக்கிறவர்கள் யாரைப் பார்த்து அடிக்கிறார்கள் என்பது ரீனாவுக்கு நெடுநாளாக இருந்த சந்தேகம். முன்னால் நிற்கிறவன் நகர முடியாது. அவனுக்கு முன்னால் நிற்கிறவனும் நகர முடியாது. விளக்குக்குக் காது கிடையாது. இருந்தும் தாராவியிலிருந்து செம்பூர் போய்ச் சேருவதற்குள் தலைக்குள் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல ஆகிவிடும்.

அவள் வேலையே காது சம்பந்தப்பட்டதுதான். செம்பூரில் ஒரு கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக ஆட்களை ஒலி புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, எந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கோடு போட்டுக் குறித்துத் தருகிறவள். நாள் முழுக்க ஊசி விழுகிற சத்தங்களோடு இருந்துவிட்டு ரோட்டுக்கு வந்தால் அடி வாங்குவது போலத்தான் இருக்கும்.

"அவனுவ அடிக்கத்தான் செய்வானுவ. நீ என்னத்துக்கு ஒவ்வொருத்தனையும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு வார?" என்பான் கணவன் ஜெப்ரி. அவனுக்கென்ன, ரயிலில் தொங்கிக்கொண்டு போய்விடுகிறவன்.

ஆராய்ச்சி என்று அவன் சொன்னது பொய்யில்லை. ஒன்வேயில் எதிரே வந்துவிட்டு நம்மையே முறைக்கிற ஆட்டோக்காரனை, நடைபாதையில் பைக்கை ஏற்றி, நடப்பவர்களை விலகச் சொல்லி ஹாரன் அடிக்கிற பையன்களை, எல்லோரையும் அவள் திட்டுவாள். திட்டி முடித்த பிறகு, இவன் வீட்டிலும் இப்படித்தான் இருப்பானா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவாள்.

அப்படி அவள் யோசித்துப் பார்த்த ஆட்களில் ஒருவர் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. வெள்ளை டெம்போ ஒன்று. கண்ணாடிக்கு மேலே தமிழில் "இசக்கியம்மன் துணை" என்று எழுதியிருக்கும். உள்ளே இட்லி மாவு பாக்கெட்டுகள். வண்டி சிறியது, ஹாரன் பஸ்ஸுடையது. அதை ஓட்டுகிறவர் மூன்று தடவை நீட்டி அடிப்பார். அடித்துவிட்டு ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார், கதவைத் தட்டிவிட்டு யாராவது திறக்கிறார்களா என்று நிற்பவரைப் போல. இன்னொன்றும் இருந்தது. பின்னால் வருகிறவன் எவ்வளவு அடித்தாலும் இவர் திரும்ப மாட்டார், கோபப்பட மாட்டார், பதிலுக்கு அடிக்க மாட்டார். இந்த ஊரில் அது சாதாரணமில்லை.

சயான் பாலத்தை மூடி, அத்தனை வண்டிகளையும் சுற்றி விட்டிருந்த காலம் அது. மே மாதக் கடைசி. காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு கொதித்தது. ரீனா ஸ்கூட்டரை டிவைடர் ஓரமாக நிறுத்திக் காலை ஊன்றிப் பச்சைக்காகக் காத்திருந்தாள். சரியாக அவள் முதுகுக்குப் பின்னால் அந்த ஹாரன் அலறியது.

கை தானாக உதறியதில் ஆக்ஸிலேட்டர் திருகிவிட்டது. வண்டி முன்னால் பாய்ந்து டிவைடரில் முட்டிச் சாய்ந்தது. அவளும் கூடவே விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்தது, பிரேக் லீவர் ஒடிந்தது. பச்சை விழுந்ததும் பைக்குகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. ஒருவன், "சம்பால்கே, ஆன்ட்டி" என்று பார்த்து ஓட்டும்படி அறிவுரை வேறு சொல்லிவிட்டுப் போனான்.

இறங்கி வந்தது டெம்போக்காரர் மட்டும்தான். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, கழுத்தில் துண்டு. ஸ்கூட்டரை ஒற்றைக் கையால் தூக்கி ஓரமாக நிறுத்தினார். டெம்போவையும் ஓரம் கட்டினார்.

"எதுக்கு அண்ணாச்சி இப்படி அடிக்கீங்க? செவப்பு எரியிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினாள் ரீனா.

அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தார். முகத்தைக் கொஞ்சம் திருப்பி இடது காதை முன்னால் கொண்டுவந்தார்.

"என்னம்மா சொல்லுதீய?"

அவள் மறுபடியும் கத்தினாள்.

"அடிச்சனேம்மா. மூணு வாட்டி அடிச்சேன். உங்களுக்குக் கேக்கலையா?"

குத்திக் கேட்கவில்லை அவர். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"எனக்கா? குர்லா வரைக்கும் கேட்டிருக்கும்!"

"அப்படியா?" அவர் முகத்தில் நம்பிக்கையே இல்லை. "எனக்கு என்னமோ நாய் இருமுன மாதிரிதான் இருக்கு. இது மூணாவது ஹாரன். பூராம் டூப்ளிகேட் சரக்கு. அடிச்சா ஒருத்தனும் வெலக மாட்டேங்கான். மாவு வேற வெயில்ல பொங்கிருது."

ரீனாவுக்கு வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. உதட்டைப் பார்த்த கண், திரும்பிய இடது காது, மூன்றாவது ஹாரன். பன்னிரண்டு வருட வேலை அவளுக்குள் எழுந்து உட்கார்ந்தது.

அவர் தன் பெயர் இசக்கிப்பாண்டி என்றார். போனை எடுத்து, வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மெக்கானிக் ஹமீதை வரச்சொல்லி ஊருக்கே கேட்கும்படி பேசினார். மாவு பாக்கெட்டுகளை ஒருமுறை கவலையோடு தொட்டுப் பார்த்துவிட்டு, "ஹமீது வந்துருவான். எல்லாம் என் பொறுப்பு. மன்னிச்சுக்கிடுங்கம்மா" என்று சொல்லிப் புறப்பட்டார். போகும்போது ஹாரன் அடித்துக்கொண்டேதான் போனார்.

ஹமீது பத்து நிமிடத்தில் வந்தான், ஹெல்மெட் இல்லாமல், ராங் சைடில், எதிரே வந்த டாக்ஸிக்காரனைத் திட்டிக்கொண்டே. தாராவியில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன். லீவரை மாற்றும்போது ரீனா ஹாரன் கதையைக் கேட்டாள். அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அத ஏன் கேக்கீய மேடம். வண்டியோட வந்த ஹாரன் பத்தலன்னாரு. டபுளா மாட்டினேன். அதுவும் பத்தலன்னாரு. இப்ப இருக்கது பஸ்ஸுக்குப் போடுறது. மாட்டிட்டு அடிச்சுக் காட்டுனேன். கடையில கட்டிங் சாயா குடிச்சிட்டிருந்த ஆளு கிளாஸக் கீழ போட்டுட்டான். அண்ணாச்சி என்னப் பாத்து, 'என்னடே, அடிச்சியா?'ங்காரு."

"நீங்க சொல்லலையா, காதுலதான் கோளாறுன்னு?"

"டிரைவர்கிட்ட போயி காது அவுட்டுன்னு சொல்ல முடியுமா? அடிக்க வருவாரு. கஸ்டமர் கேட்டாரு, மாட்டிக் குடுத்தேன்." பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "உங்க ஹாரனும் போயிருக்கு. பீஸ் கையில இல்ல. நாளைக்குக் கடைக்கு வாங்க" என்றான்.

அன்று ரீனா ஹாரன் இல்லாமல் செம்பூர் போனாள். சுனாபட்டி தாண்டும் முன்பே ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. அவளுடைய இடது கட்டைவிரல் செத்துப்போன பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. எதற்கு அழுத்தியது என்று அவளுக்கே தெரியவில்லை. முன்னால் யாரும் குறுக்கே வரவில்லை. அங்கிருந்து எண்ணத் தொடங்கினாள். கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தும்போது பதினோரு தடவை அழுத்தியிருந்தாள். அந்தப் பதினொன்றில் இரண்டுக்குத்தான் காரணம் இருந்தது. மற்ற ஒன்பதும் சும்மா. இத்தனை வருடமாகத் தான் அப்படி அடிக்கிற ஆளே இல்லை என்று அவள் சத்தியம் செய்திருப்பாள். யாரிடமும் சொல்லவில்லை, ஜெப்ரியிடம்கூட.

மறுநாள் செம்பூர் மார்க்கெட்டில் ஒரு கடை முன்னால் இசக்கிப்பாண்டி மாவு இறக்குவதைப் பார்த்து, போய் அவருடைய இடது பக்கமாக நின்றுகொண்டாள். தன் வேலையைச் சொல்லி, கிளினிக்குக்கு வந்து காதைச் சோதித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் முகம் இறுகியது.

"என் காதுக்கு என்ன? நல்லாத்தான இருக்கு. வண்டி ஓட்டுதவனுக்குக் காது கேக்கலன்னு மொதலாளிக்குத் தெரிஞ்சா என் பொழப்பு என்னாவும்? நீங்க விழுந்ததுக்கு மன்னிப்புக் கேட்டுட்டேன். விட்ருங்க."

"நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப்போறதில்ல அண்ணாச்சி. அந்த ஹாரன் உங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நேத்துல இருந்து மண்டைக்குள்ள அதுதான் ஓடுது."

அவர் பாக்கெட்டை அடுக்குவதை நிறுத்தினார். உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். சனிக்கிழமை மதியம், மாவெல்லாம் இறக்கிவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளினிக் வாசலில் வந்து நின்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, கையில் பொத்தானைக் கொடுத்து, "சின்னதாக் கேட்டாலும் அமுக்குங்க" என்றாள். கனத்த ஒலிகளுக்குச் சரியாக அமுக்கினார். ஒலி மெலிந்து கூர்மையாக ஏற ஏற அவர் விரல் அசையாமல் இருந்தது. ரீனா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். அவளுடைய ஹெட்போனில் அது ஊசியாகக் குத்தியது. அவர் கண்ணாடி வழியே பொறுமையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்றார்.

தாளில் இரண்டு கோடுகளும் பாதிவரை நேராக வந்து சரிந்தன. வலது காதின் சிவப்புக் கோடு இடதைவிட ஆழமாக விழுந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையின் ஜன்னல் வலது பக்கம். அவர் வண்டி ஓட்டிய இருபத்தாறு வருடமும் அந்தப் பக்கத்து ஜன்னல் திறந்தே இருந்திருக்கிறது.

டாக்டர் பார்த்துவிட்டு, இது மருந்துக்குச் சரியாகாது, காதில் மெஷின் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்றார். முதலில் போட்டுப் பார்ப்பதற்காக ஒன்றை மாட்டிவிட்டார்கள். ரீனா அவரைத் தெருவுக்கு அழைத்துப்போனாள். வாசலைத் தாண்டியதும் ஒரு பைக் கிறீச்சென்று ஹாரன் அடித்துக்கொண்டு போக, இசக்கிப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார், மேலே எதுவோ பறந்து வந்ததுபோல.

"எல்லாருக்கும் தெனமும் இப்படித்தான் கேக்குமா?"

"தெனமும்தான்."

டெம்போ எதிர்ச்சாரியில் நின்றது. ஏறி உட்கார்ந்தார். ரீனாவை எட்டப் போய் நிற்கச் சொன்னார். ஸ்டியரிங்கின் நடுவே உள்ளங்கையை வைத்து ஒரே ஒரு தடவை அமுக்கினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். சாலையோரம் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பழக்கடைக்காரர் கெட்ட வார்த்தையில் ஏதோ கேட்டார்.

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி முன்னாடியும் இதத்தான் அடிச்சிருக்கேன், என்னம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"பள்ளிக்கூட வாசல்ல?"

"அங்கயும்தான்."

"ஒருத்தனும் சொல்லலையே."

"சொல்லாம இருந்திருப்பாங்களா?"

பழக்கடைக்காரரின் வாய் இன்னும் ஓயவில்லை. இசக்கிப்பாண்டி அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. பிறகு அது நின்றுவிட்டது. இறங்கிப் போய்ப் பழக்கடைக்காரரிடம் இந்தியில் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆள் குழம்பிப்போய்ப் பேச்சை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. மெஷினை மாட்டிக்கொண்டு முதல் நாள் ரோட்டில் இறங்கியவர், பாதி வழியில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நூறு பேர் ஒரே சமயத்தில் காதுக்குள் இறங்கிச் சண்டை போடுகிறார்கள் என்றார். இரண்டு தடவை கிளினிக்குக்கு வந்து சத்தத்தைச் சரிபண்ணிக்கொண்டு போனார். முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். முதலாளி இருபுறமும் பெரிய கண்ணாடி வைக்கச் சொன்னார், மெஷின் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது என்றார், மாவு நேரத்துக்குப் போக வேண்டும் என்றார். அவ்வளவுதான். ஹமீது பஸ் ஹாரனைக் கழற்றிவிட்டு வண்டியோடு வந்த பழையதையே தேடி எடுத்து மாட்டினான். "எனக்கு ஒண்ணும் புரியல மேடம். ஹாரனக் கொறைக்கச் சொல்லி வந்த மொத கஸ்டமர் இவருதான்" என்றான்.

ரீனா தன் ஹாரனைச் சரிபண்ணிக்கொள்ள இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். விரலை வேடிக்கை பார்ப்பதில் அவளுக்கு ஒரு ருசி வந்திருந்தது. பதினொன்று ஏழாகி, நான்கில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

ஜூலையில் ஒருநாள் நல்ல மழை. செம்பூர் மார்க்கெட்டில் டெம்போவைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினாள். இசக்கிப்பாண்டி அவளைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஒரு சங்கதி கேளுங்க. நாலு நாளா வண்டிக்குள்ள ஏதோ டிக் டிக்குன்னு தட்டுது. எப்பவும் தட்டாது, வளையும்போது மட்டுந்தான். வீல்ல ஏதோ லூஸாயிட்டுன்னு பயந்து ஹமீதுகிட்ட கொண்டுபோனேன். அவன் அடியில படுத்து ஒரு மணி நேரம் பாத்தான். ஒண்ணும் இல்ல. பொறவு என்கூட உக்காந்து ஒரு ரவுண்டு வந்தான். சிரிக்கான் பாருங்க, அப்படிச் சிரிக்கான். 'அண்ணாச்சி, அது இண்டிகேட்டர்'ங்கான்."

"எப்பவும் இருக்கிற சத்தம்தான் அது."

"அதத்தான் அவனும் சொல்லுதான். எட்டு வருசமா இந்த வண்டி ஓட்டுதேன்."

கதவைத் திறந்து, சாவியைத் திருகி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார். ரீனா மழைக்கோட்டின் தொப்பியை விலக்கித் தலையை உள்ளே நீட்டினாள். டெம்போ கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே சன்னமாக, நிதானமாக அது தட்டிக்கொண்டிருந்தது.

"கேக்குதா?" என்றார் இசக்கிப்பாண்டி, அவளுக்குக் கேட்காமல் போய்விடுமோ என்பதுபோல.

"கேக்குது அண்ணாச்சி."

கடைக்குள்ளிருந்து மாவு எங்கே என்று யாரோ சத்தம் போட்டார்கள். "வாரேன், வாரேன்" என்று திரும்பிப் பதில் சொன்னவர், இண்டிகேட்டரை அணைக்காமலே பாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார்.