ஹரிஷங்கர் சார் வாங்கிய வரவேற்பு

கடல் கடந்து வந்து மட்டாஞ்சேரியை அடித்தவர்களின் நெடிய வரிசையில் கடைசியாக வந்தவை ஜெர்மன் மொழியின் முன்னிடைச் சொற்கள். முன்பு வந்தவர்கள் மிளகுக்காக அடித்தார்கள். இவை காலை சாயா வருவதற்கு முன்பு நர்ஸ்களைக் கன்னத்தில் அறைந்தன.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போக நினைத்த நர்ஸ்களுக்காகப் பாத்திரக் கடைக்கு மேலே ஹரிஷங்கர் சார் நடத்திய ஜெர்மன் வகுப்பில் இது வழக்கமாகவே நடந்துவந்தது. 'உடன்' என்று பொருள்படும் 'மிட்' என்ற சொல்லுக்குப் பின்னால் டாட்டிவ் வேற்றுமை வரவேண்டும். அக்குசட்டிவ் வேற்றுமையை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை பளாரென்று இறங்கும். 'ஃப்யூர்' காதைத் திருகும். 'டுர்ஷ்' இடுப்பில் உதைக்கும். முதல் மழைக்குள் எட்டுப் பல் போயிற்று. எதிர்ச் சந்தில் ஒரு பல் டாக்டர் கடை திறந்தார். பெற்றோருக்கு இதில் குறையே இல்லை. பள்ளுருத்தியில் காய்கறி விற்கும் பேச்சியம்மாள் மகள் ரோஜாவைச் சேர்க்கும்போதே, "கண்ண மட்டும் விட்டுருங்க சாரே, மத்ததெல்லாம் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கன்னம் வீங்காமல் வீடு திரும்பிய பெண்ணுக்கு அன்றைக்கு வீட்டில் தனியாக அடி கிடைத்தது. வீக்கம்தான் படிப்பு என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை.

சாரின் மேல் மட்டும் ஒரு அடியும் விழுந்ததில்லை. ஃப்ராங்க்ஃபர்ட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர், இலக்கணமே அவரைக் கண்டால் எழுந்து நிற்கும் என்று ஊர் பேசியது. அவரும் டையைச் சரிசெய்துகொண்டு ஆமோதித்தார். அடி விழாத காரணம் அவருக்கு மட்டும் தெரியும்: அவர் இதுவரை ஒரு முழு ஜெர்மன் வாக்கியம் பேசியதில்லை. காலை வணக்கம் சொல்வார், பெண்களைக் கோரஸாக ஒப்பிக்கவிடுவார், கரும்பலகையைக் கம்பால் தட்டுவார்.

"சாரே, ஒரு வரி நீங்க பேசிக் காட்டுங்க" என்றாள் ரோஜா, உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டே. "கன்னம் எங்களுக்கு மட்டுந்தானா?"

"நான் பேசினா நீ தாங்க மாட்டே, கேட்டோ."

"நாங்க தாங்காத அடியா சாரே?"

அந்த டிசம்பரில் ஜெர்மன் மருத்துவமனை ஒன்று இருவரை அனுப்புவதாக எழுதியது. சார் ஜெர்மனில் வரவேற்க வேண்டும். வகுப்பு பிடித்துப்போனால் ரோஜா உட்பட எல்லாருக்கும் வேலை. சாருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பேசினால் அடி, பேசாவிட்டால் பன்னிரண்டு வருஷமும் போச்சு. ஐந்து வரி மனப்பாடம் செய்தார். விருந்தினரை ஓட்டலிலிருந்து கூட்டிவர ஆட்டோக்கார யூசுபை அனுப்பினார். வெள்ளைக்காரத் தம்பதியர் வந்து முன்வரிசையில் அமர்ந்தார்கள். பின்னால் பெற்றோர்.

முதல் வரியில் 'ஃப்யூர்' அவர் இடது காதைக் கிழித்தது. இரண்டாவதில் 'டுர்ஷ்' உதைத்த உதையில் கரும்பலகை இரண்டாகப் பிளந்தது. 'மிட்' முன்பல் இரண்டைப் பெயர்த்து பேச்சியம்மாள் மடியில் போட்டது. மேஜையின் மேல் என்று சொல்ல 'அவ்ஃப்' வந்தது. அந்தச் சொல்லுக்கு, சாமான் அங்கேயே இருக்கிறதா, இல்லை அங்கே போகிறதா என்று தெரிந்தாக வேண்டும். சார் இரண்டையும் குழப்பவே, அது அவரைத் தூக்கி மேஜைமேல் அடித்தது. பதில் வராததால் மறுபடி தூக்கி அடித்தது. மேஜை உடையும்வரை கேட்டது. ஐந்தாவது வரியை அவர் தரையில் ரத்தத்தோடு சொல்லி முடித்தார். அதற்கு மூன்று விலா எலும்பு போயிற்று.

கோணிய டையோடு கிடந்த சார், எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சியம்மாள் பற்களை முந்தானையில் துடைத்தாள். "அஞ்சு வரிக்கே இம்புட்டு அடின்னா, இந்த மனுசன் எம்புட்டுப் படிச்சிருக்கணும்" என்றாள்.

பெற்றோர் எழுந்து நின்று கும்பிட்டார்கள். மறுவாரம் கும்பளங்கியிலிருந்தும் பெண்கள் சேர வந்தார்கள். வகுப்பு இரண்டு ஷிப்டாக நடக்கிறது. சார் இப்போது கட்டு பிரிக்காமலே பாடம் எடுக்கிறார். பாத்திரக் கடைக்காரர் மாடியில் விழும் அறைச் சத்தத்தைக் கேட்டு சாயாவுக்குச் சொல்லி அனுப்புகிறார். ரோஜாவின் குழுவில் யாருக்கும் வேலைக் கடிதம் வரவில்லை. தூதரகத்தில் தாமதம் என்று சார் விளக்கினார்.

யூசுப் ஏற்றிவந்த தம்பதியர் ஊர் பார்க்க வந்த ஹாலந்துக்காரர்கள். கம்பளக் கடைக்கு என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள்.