நீலக்கோட்டில் நின்ற முப்பத்தொரு வாக்குகள்

ஜெகதீஸ்வரனின் அலுமாரியில் அறுபத்து மூன்று பொன்னாடைகள் இருந்தன. எட்டு வருடம் நகரசபையில் இருந்ததற்கு அவைதான் சாட்சி. வேறு சாட்சி வேண்டுமென்றால், சுவிஸில் அவர் வசிக்கும் பூம்ப்ளிஸ் பகுதியில் ஓர் அறிவிப்புப் பலகை நிற்கிறது. தெருவோர நீலக்கோட்டுக்குள் கார் நிறுத்துகிறவர்கள், வந்த நேரத்தைக் காட்டும் நேரத்தட்டைக் கண்ணாடிக்குள் வைக்கவேண்டும், மாலை ஏழு மணிக்குப் பிறகு தேவையில்லை என்று அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. அதற்கான பிரேரணையைச் சபையில் வாசித்தவர் ஜெகதீஸ்வரன். எழுதிக் கொடுத்தவள் அவருடைய கட்சியின் இளம் உறுப்பினர் சிவானுஜா.

பகலில் அவர் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் மேற்பார்வையாளர். நகரசபை வேலை சில வியாழன் மாலைகளோடு முடிந்துவிடும். ஆனால் அரங்கேற்ற மேடைகளில் அவரைப் ‘பாராளுமன்ற உறுப்பினர்’ என்றே அழைப்பார்கள். அவர் திருத்தியதில்லை. மேடையில் வைத்து ஒருவரைத் திருத்துவது பண்பல்ல என்பது அவர் கொள்கை. முன்வரிசையின் நடுக்கதிரை அவருக்கென்றே வெறுமையாகக் காத்திருக்கும். அந்தக் கதிரை இல்லாவிட்டால் தான் யார் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தார். தலையில் வலைத்தொப்பியோடு சூப் அண்டாவின் சூடு பார்க்கிற ஒரு மனிதன் மிஞ்சினான். அதோடு யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

நகரசபைத் தேர்தலுக்கான கட்சியின் வேட்பாளர் பட்டியலில் பூம்ப்ளிஸ் கிளைக்கு ஒரேயொரு இடம். அது யாருக்கென்று கிளை உறுப்பினர்கள் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். போன இரண்டு முறையும் அதை வேறு எவரும் கேட்கவில்லை. இந்த மார்ச் மாதம் சிவானுஜா வீட்டுக்கு வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த சட்டத்தரணி. பதினெட்டு வயதில் அவளைக் கட்சியில் சேர்த்துவிட்டதே அவர்தான். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

“அங்கிள், இந்தமுறை நானும் கேக்கப்போறன். உங்களுக்குத் தெரியாமல் பின்னாலை நிண்டு செய்ய விருப்பமில்லை. அதான் முதல்ல உங்களிட்டைச் சொல்லுறன்.”

“கேளுங்கோ பிள்ளை, ஜனநாயகம்தானே,” என்று அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். கதவு மூடியதும் தவச்செல்வனுக்குப் போன் போட்டார்.

தவச்செல்வன் பலசரக்குக் கடைக்காரர். கிளையின் தமிழ் உறுப்பினர்கள் முப்பத்தொரு பேரையும் அந்தக் கடையில் வைத்துத்தான் ஜெகதீஸ்வரன் சேர்த்திருந்தார். சுவிஸ்காரர் இருபது பேர் தேறும். கணக்கு அவர் பக்கம். இருந்தாலும் முப்பத்தொரு பேருக்கும் தனித்தனியாகப் போன் எடுத்தார். “உங்களுக்கில்லாமல் வேற ஆருக்கு அண்ணை?” என்றார்கள், பாடமாக்கியதுபோல.

மனைவி சுமித்ரா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

“அவளும் எல்லாருக்கும் போன் எடுத்தவளாம். அவளுக்கும் ஓமெண்டுதான் சொல்லியிருக்கினம்.”

“ஆர் உமக்குச் சொன்னது?”

“எல்லாரும்தான். என்னட்டை வந்து சொல்லிக் கவலைப்படுகினம். முகத்துக்கு நேரை இல்லையெண்டு சொல்ல எங்கட சனத்துக்கு வாய் வருமோ?”

அந்தக் குணம்தான் தனக்குப் பலம் என்று ஜெகதீஸ்வரன் நினைத்தார். போனில் என்னவும் சொல்லட்டும். தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளுக்குக் கை தூக்க எவருக்குத் துணிவு வரும்?

கூட்டம் வியாழன் மாலை ஏழு மணிக்குத் தேவாலய மண்டபத்தில். முப்பத்தொரு பேரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

கிளைத் தலைவி திருமதி கெர்பர், வாக்களிக்கும்போது தூக்கிக் காட்ட ஆளுக்கொரு பச்சை அட்டை கொடுத்தார். சிவானுஜா பிள்ளைகள் காப்பகத்தில் இடமில்லாததைப் பற்றி நாலு நிமிடம் பேசினாள். ஜெகதீஸ்வரன் தன் சேவையைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினார். கடைசி ஐந்து நிமிடமும் திருமதி கெர்பரின் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, யாராவது இரகசிய வாக்கெடுப்புக் கேட்கிறீர்களா என்று தலைவி விசாரித்தார்.

முப்பத்தொரு முகங்களிலும் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது. ஆனால் வாயைத் திறக்க ஒருவரும் இல்லை. இரகசியம் கேட்டாலே இரண்டு பக்கமும் ஓமென்று சொன்ன குட்டு வெளிப்பட்டுவிடும். ஜெகதீஸ்வரன் எழுந்தார். நாங்கள் ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் ஒளிப்பு மறைப்பு இல்லை, வெளிப்படையாகவே கை தூக்குவோம் என்று ஜெர்மன் மொழியில் முழங்கினார். சுவிஸ்காரர் கைதட்டினார்கள்.

தவச்செல்வன்தான் முதலில் எழும்பினார். குனிந்து ஜெகதீஸ்வரனின் காதோடு சொன்னார்:

“அண்ணை, காருக்கு நேரத்தட்டு மாத்தவேணும். ஓடியாறன்.”

மணி ஏழு முப்பத்தைந்து. ஏழுக்குப் பிறகு தட்டே தேவையில்லை. அதைத் தமிழில் சொல்லும் பலகை மண்டப வாசலிலேயே நின்றது. ஜெகதீஸ்வரன் அதைச் சொல்லத் திரும்பினார். அதற்குள் பின்வரிசையில் ஒருவர் அடிக்காத போனைக் காதில் வைத்தபடி நடந்தார். இன்னொருவருக்கும் தட்டு மாற்றவேண்டி இருந்தது. ரயிலில் வந்தவருக்கும் இருந்தது. முப்பத்தொரு பேரும் போகிறபோக்கில் அவர் தோளை அன்பாகத் தொட்டார்கள். சிவானுஜாவைப் பார்த்தும் தலையாட்டினார்கள். ‘இருங்கோ’ என்று கத்தலாம். கத்தினால் குடும்பம் ஓடுகிறது என்று சுவிஸ்காரருக்கு விளங்கிவிடும். அவர் சிரித்த முகத்தோடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சபையில் இருப்பவர்களின் வாக்கே செல்லும் என்றார் திருமதி கெர்பர். ஜெகதீஸ்வரனுக்கு மூன்று கைகள் உயர்ந்திருந்தன. மூன்றாவது கைக்குரிய சுவிஸ் கிழவர், யன்னலைத் திறக்கலாமா என்று கேட்கத்தான் தூக்கினாராம். மிஞ்சியது அவரும் சுமித்ராவும். சிவானுஜாவுக்கு இருபது.

அவள் அருகே வந்து நின்றாள். வென்றவளின் முகமாக அது இல்லை.

“இப்பிடி வெல்லோணுமெண்டு நான் நினைக்கேல்லை அங்கிள்.”

“பலகை வாசலிலைதானே நிக்குது, பிள்ளை. ஒருத்தரும் வாசிக்கேல்லைப் போல.”

கதவு திறந்தது. முப்பத்தொரு பேரும் குளிரில் சிவந்த மூக்குகளோடு திரும்பி வந்தார்கள். தவச்செல்வனின் கையில் இரண்டு பைகள். எவர் வெல்வார் என்று தெரியாததால் பாரபட்சமில்லாமல் ஒரே நிறத்தில் இரண்டு பொன்னாடைகள் வாங்கியிருந்தார். மூத்தவருக்குத்தான் முதல் மரியாதை என்று சொல்லி ஒன்றை விரித்துக்கொண்டு வந்தார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் ஜெகதீஸ்வரன் வாயெடுத்தார். முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கும் வரவில்லை. பழக்கத்தில் கழுத்து தானாகவே குனிந்தது.