மாத்திரை கொடுப்பவர்

“ஒரே மடக்கா குடிச்சிடு, ஆறிடப் போகுது” என்றாள் நாத்தனார்.

எதிரே கணவன் செய்தித்தாளை விரித்திருந்தான். கண் மட்டும் தாளுக்கு மேலே இருந்தது. ஒரு டம்ளர் பாலுக்கு இத்தனை காவலா என்று நினைத்துக்கொண்டே அவள் குடித்து முடித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அவளுக்குப் பைபோலார். மனசு சில மாதம் உச்சாணிக் கொம்பில் ஏறி உட்காரும், சில மாதம் படுக்கையை விட்டு எழவிடாது. ஏழு வருடமாக மாத்திரை அதைக் கட்டி வைத்திருந்தது. ஆனால் மாத்திரையால் கை நடுங்கியது. அவள் வேலையோ பல் செட் செய்யும் பட்டறையில், மெழுகில் பல் செதுக்குவது. “இந்தப் பல்லை வச்சா ஆளு கோணிக்கிட்டுத்தாம்மா சிரிக்கணும்” என்று முதலாளி திருப்பிக் கொடுத்த அன்று, “இனிமே மாத்திரை போட மாட்டேன்” என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

யாரும் சண்டை போடவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுநாளிலிருந்து தினமும் ஒரு டம்ளர் பால் மட்டும் வந்தது.

மாத்திரை இல்லாமல் மனசு மறுபடி ஏறிவிடுமோ என்று நான்கே நாளில் அவளுக்கே பயம் வந்தது. பட்டறையிலிருந்து நேராக, தனியாக, டாக்டரிடம் போனாள். எப்போதும் கணவன் பேசுவான், அவள் சுவரைப் பார்த்திருப்பாள். அன்றுதான் டாக்டரம்மா அவளிடம், “உங்களுக்கு எது முக்கியம், சொல்லுங்க” என்று கேட்டாள். “என் கை” என்றாள் அவள். இருவருமாகப் பேசி, இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்தார்கள். பத்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. புது மாத்திரை அட்டையை அவள் பட்டறையிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டில் சொல்லவில்லை. சத்தமாகச் சிரித்தால் வியாதி, அலமாரியை ஒழித்து அடுக்கினால் வியாதி என்று ஆகிப்போன வீட்டில் எதைச் சொல்வது?

ஆனால் நடுக்கம் குறைவதற்குப் பதில் கூடியது. வயிறு புரட்டியது. கால் ஒரு பக்கம் போனால் உடம்பு ஒரு பக்கம் போனது. உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அடுப்படியில், “நாளையிலேருந்து இன்னொண்ணு சேர்த்துப் போடு” என்று நாத்தனாரிடம் கணவன் சொல்வது கேட்டது. காபித்தூளைச் சொல்கிறான் போலும் என்று அவள் கடந்து போனாள்.

ரத்தம் கொடுத்த அன்று மாலையே டாக்டரம்மா போன் செய்தாள். “உடனே வாங்க. தனியா வராதீங்க.”

கணவன் கூட வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினாள். “நாம பேசினது ஒரு மாத்திரை. ரத்தத்துல மருந்து அளவு எங்கேயோ நிக்குது. எத்தனை போட்டீங்க?”

“ஒண்ணுதான் டாக்டர்.”

“அவ போடவே இல்ல டாக்டர்” என்றான் கணவன்.

“அவங்களைத்தான் கேட்டேன்.”

அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். வெளியே பார்த்தான். “வீட்டுல மீதி இருந்ததைப் பொடி பண்ணி பால்ல போட்டோம். ரெண்டு ரெண்டா. நடுக்கம் கூடினதும் வியாதிதான்னு நெனச்சு, நேத்திலேருந்து மூணு. அவ நல்லதுக்குத்தான்.”

அவள் அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்தாள். இங்கே கத்தினால் அதையும் வியாதிக் கணக்கில் எழுதிவிடுவார்கள் என்று ஏழு வருடம் சொல்லிக்கொடுத்திருந்தது.

மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. கை நடுக்கம் அடங்கியது, கால் ஊன்றி நின்றது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் ஒரு படிவத்தைப் பழக்கதோஷத்தில் கணவனிடம் நீட்டினாள். ‘வீட்டில் மாத்திரை கொடுப்பவர்’ என்ற இடத்தில் அவன் தன் பெயரை எழுதத் தொடங்கினான்.

அவள் கட்டிலிலிருந்து இறங்கி வந்து பேனாவை வாங்கினாள். அவன் எழுதியதை அடித்துவிட்டு, ‘நானே’ என்று எழுதினாள்.

“எத்தனை போடணும்னு டாக்டரும் நானும் பேசிக்கிறோம். உங்களுக்கும் சொல்றேன். ஆனா இனி உங்க கையால பால் வேணாம். நீங்க வெளியில உக்காருங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவன் கேட்டதில்லை. நர்ஸின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். “இப்படியெல்லாம் பேச மாட்டாளே. மறுபடி ஏறுதோ?”

நர்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். “உங்களைப் பத்திக் கேக்கிறார். நீங்களே சொல்லுங்கம்மா.”

“ஏறலை” என்றாள் அவள். “கோபம் வந்திருக்கு. வர வேண்டியதுதான்.”