டேங்கில் ஊற்றிய தண்ணீர்

காலையில் சமர்த்தாக ஓடிய இயந்திரம், பூஜை முடிந்து தேங்காய் உடைத்த கையோடு முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. அகல்யா பொத்தானை அழுத்துவாள், சிவப்பு விளக்கு எரியும், எல்லாம் நின்றுவிடும். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எடுக்கிற இந்தப் பெட்டியோடு அவள் இரண்டு வருஷமாக மல்லுக்கட்டுகிறாள். இன்று தசரா. நல்ல நாள் என்று, இதை வாங்கப்போகிறவர்கள் மதியம் பார்க்க வருகிறார்கள். ஓடினால் ஆர்டர். ஓடாவிட்டால் இந்தப் பிரிவுக்கே பூட்டு என்று முதலாளி கானடே சொல்லியாகிவிட்டது.

"காய் ஜாலா, அகல்யா?" என்று அந்த மனிதர் மராத்தியில் நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து கேட்டு உயிரை வாங்கினார். என்ன ஆச்சென்று தெரிந்தால் சொல்ல மாட்டாளா?

தண்ணீர் சரியில்லை என்றது திரை. அவளே காலையில் பார்த்துப் பார்த்து ஊற்றிய தண்ணீர், அதெப்படிச் சரியில்லாமல் போகும்? சென்சாரைக் கழற்றி மாட்டினாள். வயர்களைப் பிடுங்கிப் பார்த்தாள். கூட வேலை செய்யும் ஷிபின் மேல் எரிந்து விழுந்தாள். பாவம், அவன் ஸ்பேனரோடு ஒதுங்கி நின்றான். அப்போதுதான் பூஜைக்கென்று கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அப்பா வசந்தகுமார், கையில் ஒரு கேனும் முகமெல்லாம் சிரிப்புமாகப் பக்கத்தில் வந்தார்.

"இனிப் பாரு கண்ணு, எப்படி ஓடுதுன்னு. பூஜை முடிஞ்சதும் டேங்க்ல நம்மூரு சிறுவாணித் தண்ணிய ஊத்திட்டேன்."

"என்னங்ப்பா சொல்றீங்க?"

"நீதான கண்ணு போன்ல சொன்னே, சுத்தமான தண்ணிதான் வேணும், துளி அழுக்கு ஆகாதுன்னு? இந்த ஊருத் தண்ணி வாயில வெக்க முடியுதா? ரயில்ல மடியிலயே வெச்சுக் கொண்டாந்தேன்."

"ஐயோ, அதுல உப்பு இருக்குங்ப்பா! குடிக்கிற தண்ணி எதுவுமே இதுக்கு ஆகாது! பிரிச்சுக் கழுவி மாட்டவே ஒரு வாரம் ஆகும்!"

"சிறுவாணியிலயா உப்பு?" அவர் முகம் சுண்டிப்போனது. மெஷின் போனதைவிட, மகள் ஊர்த் தண்ணீரைப் பழித்தது அவருக்குப் பெரிதாகப் பட்டது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் வந்தவர்கள் சிவப்பு விளக்கைப் பார்த்தார்கள். இந்த ஊர்த் தசரா வழக்கப்படி எல்லோர் கையிலும் ஆப்டா மரத்து இலையைத் தங்கமென்று வைத்தார்கள். அப்புறம் சொல்கிறோம் என்று காரில் ஏறிவிட்டார்கள். கானடே திட்டவில்லை, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை.

அப்பா கேனின் அடியில் மிச்சமிருந்ததை ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"காத்தால இருந்து ஒண்ணுமே குடிக்கல. குடி கண்ணு."

வாங்கி வீசலாம் போலிருந்தது. நாக்கு வறண்டிருந்ததால் குடித்தாள். தண்ணீர் அப்படி இனித்தது. அந்த எரிச்சலில்தான் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.