எட்டில் ஒரு பங்கு

டிஸ்க்கைப் பாதி வெளியே இழுத்தபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செத்துப்போன டிஸ்க் சாதுவாகக் கையோடு வரும். இதுவோ கதகதவென்று இருந்தது. உள்ளே சுழன்றுகொண்டிருந்த தட்டுகள் சட்டென்று நிற்க முடியாமல் அவள் மணிக்கட்டை ஒரு பக்கமாக முறுக்கின. தண்ணீரிலிருந்து எடுத்த மீனைப் போல ஒரு துள்ளல், பிறகு மெல்ல மெல்ல ஓய்ந்து அடங்கியது. அவள் அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றாள். உயிரோடு இருந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டிருந்தாள்.

காது மூக்கு தொண்டை மருத்துவமனை ஒன்றின் தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னலே இல்லாத குளிர் அறை அது. அங்கிருக்கும் சர்வர்களின் சேமிப்பு முழுவதும் அவள் பொறுப்பு. கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவளைப் பார்த்து, பாவம், உடம்புக்கு என்னவோ என்று அக்கம்பக்கத்தில் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். அவள் மறுக்கவில்லை. எட்டு டிஸ்க்குகள் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியுலகத்துக்கு ஒரே டிஸ்க் மாதிரி நடிக்கும், அந்த நாடகம் கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று சொன்னால் இன்னும் பாவப்படுவார்கள். எந்தக் கோப்பும் ஒரே டிஸ்க்கில் முழுதாக இருக்காது. துண்டு துண்டாக்கி எட்டும் பங்குபோட்டுக்கொள்ளும். ரெய்டு என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். எட்டில் ஒன்று செத்தால் குடும்பம் நடக்கும். இரண்டாவதும் போனால் மொத்தமும் அம்போ.

காலையில் ஒன்று செத்திருந்தது. திரையில் சிவப்பாக நான்கு என்ற எண் தெரிந்தது. பெட்டியின் முகப்பில், எது செத்தது என்று காட்டவேண்டிய சின்ன விளக்குகள் பழுதாகி வெகுநாளாயிற்று. மாற்றித் தரச் சொல்லி எழுதிப்போட்டதற்கு மூச்சே இல்லை. அதனால் எண்ணித்தான் எடுக்கவேண்டும். அந்தப் பெட்டியோ பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிற ரகம். முதல் டிஸ்க் பூஜ்யம், அடுத்தது ஒன்று. திரையில் நான்கு என்றால் வரிசையில் ஐந்தாவது. அவளுக்கு இது ரத்தத்தில் ஊறிய கணக்கு. வீட்டில் 'மூணாவது தட்டுல இருக்கு' என்று அவள் சொன்னால் கணவர் பேசாமல் அலமாரியின் நான்காவது தட்டில் தேடுவார்.

ஆனால் போன வாரம் ஸ்டிக்கர்காரர் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். கேபிள் பிரிவிலிருந்து மாற்றலாகி அவளோடு வேலைக்குச் சேர்ந்த சக ஊழியர் அவர். லேபிள் அடிக்கும் சின்ன மெஷின் ஒன்று எந்நேரமும் கையில் இருக்கும். தண்ணீர் பாட்டிலில் 'தண்ணீர்' என்று ஒட்டிவைக்கிற மனிதர். அவள் விடுப்பில் இருந்த அன்று எட்டு டிஸ்க்குகளுக்கும் ஒன்று முதல் எட்டு வரை, கோடு பிசகாமல் ஒட்டித் தீர்த்துவிட்டார். இன்று அவள் எண்ணவில்லை. திரையில் நான்கைப் பார்த்தாள், ஸ்டிக்கரில் நான்கைப் பார்த்தாள், இழுத்துவிட்டாள். மேலே மூன்றாவது மாடியில் அண்ணன் காத்திருக்கிறான் என்ற நினைப்பு அவளை அப்படி அவசரப்படுத்தியது.

அண்ணன் பேருந்து நிலைய அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று காலம் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தவன். போன மாதம் அவன் தொண்டையைத் திறந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கட்டி, வேறு வழியில்லை. அதற்கு முன்பே மருத்துவமனையின் பேச்சுப் பிரிவில் அவனைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து நாள்கணக்கில் வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்துகொண்டார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து அவன் குரலிலேயே பேசும் ஒரு கருவியைச் செய்து தருவார்கள். இனி அவன் விரலால் தட்டினால் அது அவனாகப் பேசும். 'இன்று மழை வரலாம்', 'கதவைச் சாத்துங்கள்' என்று உப்புச்சப்பில்லாத வாக்கியங்களை ஆயிரக்கணக்கில் வாசித்தான். கடைசியில் விருப்பப்பட்டதைச் சொல்லலாம் என்றபோது அண்ணி உள்ளே புகுந்து, 'நீ சொல்றதுதான் சரி' என்ற வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லவைத்துப் பதிவுசெய்துகொண்டாள். பின்னால் உதவுமாம்.

இன்று முதன்முறையாக அவன் கேட்கவிருந்த அந்தக் குரல் முழுவதும் இந்தப் பெட்டியில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை. பெட்டியில் இருந்த மற்றவற்றுக்கெல்லாம் இன்னொரு கட்டடத்தில் தினமும் நகல் எடுக்கப்பட்டது. பேச்சுப் பிரிவின் பதிவுகள் புதிதாக வந்தவை. அவற்றையும் நகல் வரிசையில் சேர்க்கவேண்டியது அவள்தான். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனாள். ரெய்டு இருக்கிறதென்று நகல் எடுக்காமல் இருக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், சொந்த அண்ணனின் குரலை அப்படித்தான் விட்டுவைத்திருந்தாள்.

கைபேசி அடித்தது. அண்ணி.

"என்னமோ திரை அப்படியே நின்னுபோச்சாம். இந்தப் பேச்சுப் பிரிவுப் பொண்ணு உன்னைக் கேக்கச் சொல்றா. கீழே ஏதாச்சும் பண்றியா?"

"கொஞ்சம் வேலை நடக்குது அண்ணி. இருங்க, சொல்றேன்."

"உங்கண்ணன் காலையிலேர்ந்து சாப்பிடல. குரலைக் கேட்டுட்டுத்தான் சாப்பிடுவேன்னு பலகையில எழுதிக் காட்டறாரு. சீக்கிரம் முடி."

அவள் கைபேசியை அணைத்துவிட்டு டிஸ்க்கை அதன் இடத்திலேயே மெதுவாகத் தள்ளினாள். கிளிக் என்று உட்கார்ந்தது. உள்ளே தட்டுகள் மறுபடி சுழல ஆரம்பிக்கும் மெல்லிய விசிலுக்காகக் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். அத்தனை மின்விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே அது கேட்டதா, கேட்டதாகத் தோன்றியதா, தெரியவில்லை. சுழன்றுகொண்டிருக்கும்போதே பிடுங்கியதில் அடிபட்டிருந்தால் அதோடு கதை முடிந்தது.

ஸ்டிக்கர்காரர் அப்போதுதான் தேநீரோடு வந்தார். அவள் நின்ற கோலத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், டிஸ்க்கில் தான் ஒட்டிய எண்ணைப் பார்த்தார். கேபிள் ஆள் என்றாலும் முட்டாள் இல்லை. கோப்பையைத் தரையிலேயே வைத்துவிட்டார்.

"என் நம்பரைப் பாத்தா எடுத்தீங்க?"

"எண்ணாம எடுத்தது நான்தான் சார். விடுங்க."

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. திரும்பி வந்த டிஸ்க்கைப் பெட்டி அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் வீட்டு ஆளாக இல்லை. 'அந்நியன்' என்று வகைப்படுத்தி வைத்திருந்தது. சற்றுமுன்வரை ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தவனை, வாசல் வரை போய்விட்டுத் திரும்பியதற்காக யார் நீ என்று கேட்டது. கீழே இரண்டு வழிகள். ஒன்று, இவன் எங்களவன் என்று பழையபடி சேர்த்துக்கொள்வது. இன்னொன்று, வந்தவனின் பழைய நினைவைத் துடைத்துவிட்டுப் புது ஆளாக்குவது.

இத்தனை வருடங்களில் வேறு பெட்டிகளிலிருந்து பழைய டிஸ்க்குகளைக் கொண்டுவந்து போடும்போதெல்லாம் அவள் யோசிக்காமல் அழுத்துவது இரண்டாவதைத்தான். விரல் அதற்குப் பழகியிருந்தது. இப்போதும் அது தானாகவே அங்கே போவதைப் பார்த்தாள். கையைப் பின்னுக்கு இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள். சற்றுமுன் தெரிந்த எண்ணை யோசிக்காமல் நம்பிய அதே கைதான்.

"சார், அந்த ரெண்டு வரியையும் சத்தமா படிங்க. மெதுவா."

அவர் படித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார்.

"முதல் வரி எது?"

"சேத்துக்கறது."

"இன்னொரு தடவை."

"சேத்துக்கறதுதான் மேடம். மேல இருக்கறது."

அவள் அழுத்தினாள். திரை வெறுமையானது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. சின்ன வயதில் ஒருமுறை பேருந்து நிலையத்தில் வழிதவறி நின்றது அவளுக்கு அந்த நேரத்தில் ஏனோ நினைவுக்கு வந்தது. அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவனைப் பார்க்கப் போனவள் ஒரே மாதிரியான வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அழக்கூடத் தோன்றாமல் நின்றாள். அப்போது தலைக்கு மேலே, எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் அவன் குரல் வந்தது. பச்சை கவுன் போட்ட சிறுமி நிற்கும் இடத்தைவிட்டு நகர வேண்டாம், அவளைத் தேடி ஆள் வருகிறது என்றது. அண்ணன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. எல்லா இடத்திலும் இருந்தான். அதற்கப்புறம் அவளுக்குப் பயமே இல்லை.

எழுத்துகள் வந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு டிஸ்க்குகள் பச்சையாயின. செத்தது ஒன்று மட்டும் சிவப்பாகவே இருந்தது. அதற்குக் கீழே, பெட்டி இயங்குகிறது, ஊனத்தோடு இயங்குகிறது என்றது.

ஸ்டிக்கர்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் அவருக்கு வியர்த்திருந்தது. "புது டிஸ்க்கைப் போட்டுடலாமா?"

"வேணாம். எட்டும் ஒரே நாள்ல வாங்கினது. ஒண்ணு போச்சுன்னா மத்ததுக்கும் வயசாயிடுச்சுன்னு அர்த்தம். புதுசைப் போட்டா ஏழையும் முழுசா வாசிச்சுத்தான் அதை நிரப்பும். மூச்சு வாங்கும். முதல்ல அந்தக் குரலை வெளிய எடுத்துடறேன்."

நகல் ஓட ஆரம்பித்தது. இருவரும் நின்றபடியே கோப்புகளின் பெயர்கள் திரையில் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முழு முழுக் கோப்புகளாகப் போயின.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. செத்தது செத்ததுதானே? அதுல இருந்த பங்கு இப்ப எங்கேர்ந்து வருது?"

"ஏழு பேர் ஆளுக்கு ஒரு எண்ணை மனசுல வெச்சிருக்காங்கன்னு வைங்க. எட்டாவது ஆள் அந்த ஏழையும் கூட்டின தொகையை வெச்சிருக்கார். யாராவது ஒருத்தர் எழுந்து போயிட்டா, மிச்சப் பேர்கிட்ட கேட்டு, தொகையிலேர்ந்து கழிச்சா போனவர் எண்ணு வந்துடும்."

"தொகை வெச்சிருந்தவரே போயிட்டா?"

"மறுபடி கூட்டிக்கலாம். அதுவும் ஒரே ஆள் இல்ல. துண்டுக்குத் துண்டு முறை மாத்தி வெச்சுப்பாங்க."

"அப்ப யாரு போனாலும் மத்தவங்ககிட்ட இருப்பாரு."

"ஒரே ஒருத்தர் போனா மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவள் திரையில் ஏறிப்போகும் பெயர்களை மறுபடி பார்த்தாள். வருடக்கணக்காக எத்தனையோ பேருக்கு இதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் அது வெறும் கணக்கு. இந்த நொடியில் அந்த ஏழு டிஸ்க்குகளும் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டு, எங்கும் எழுதப்படாத ஒன்றை, தேவைப்படும் கணத்தில் புதிதாகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தன. அண்ணனின் குரலில் எட்டில் ஒரு பங்கு இப்போது உலகத்தில் எந்த இடத்திலும் இல்லை. ஆனாலும் அது குறையில்லாமல் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஸ்வெட்டர் போட்டிருந்தும் சிலிர்த்தது. கண்ணில் நீர் முட்டியதை மறைக்க அவள் முயலவில்லை.

நகல் முடிந்தது. திறந்து சரிபார்த்தாள். கோப்புகள் அத்தனையும் இப்போது இன்னொரு கட்டடத்திலும் இருந்தன.

"நீங்க மேல போய்ப் பாருங்க மேடம். நான் எதையும் தொட மாட்டேன்." அவர் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்காட்டினார். "ஸ்டிக்கரை மட்டும் மாத்தட்டுமா? பூஜ்யத்துலேர்ந்து?"

"அதையும் நான் வந்தப்புறம்."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினாள். பேச்சுப் பிரிவு அறையில் அண்ணன் கழுத்தில் வெள்ளைத் துணியோடு மேசை முன் உட்கார்ந்திருந்தான். அண்ணி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையில் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது. அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பலகையில் எழுதிக் காட்டினான்: 'ஏன் பேயறைஞ்ச மாதிரி வர்றே?'

"அண்ணா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்ப கீழே நான்..."

பேச்சுப் பிரிவின் பெண் அதற்குள் ஏதோ ஒரு பதிவைத் தட்டிவிட்டாள். ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் கேட்டது. அண்ணன் சட்டென்று ஒரு விரலை உயர்த்தினான். அறிவிப்பு அறைக்குள் தங்கை வாயைத் திறக்கும்போதெல்லாம், மைக் ஓடுகிறது, பேசாதே என்று உயர்த்துவானே, அதே விரல். அவள் நிறுத்திக்கொண்டாள்.

"பயணிகளின் கவனத்திற்கு," என்றது அவன் குரல்.

அதே கனம். 'கவனத்திற்கு' என்ற சொல்லின் நடுவில் சற்றே இழுத்துவிடும் அதே தோரணை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். எந்தத் துண்டு இருக்கும் டிஸ்க்கிலிருந்து வருகிறது, எது இல்லாததிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று தங்கை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தையலே இல்லை. ஒரே துணியாக வந்தது.

"பச்சை கவுன் அணிந்த சிறுமி எங்கிருந்தாலும் அங்கேயே நிற்கவும். அவளைத் தேடி ஆள் வந்துகொண்டிருக்கிறது."

இதையும் பதிந்து வைத்திருக்கிறான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, எதிர்ச்சுவரில் இல்லாத கடிகாரத்தைப் பார்ப்பவன்போல உட்கார்ந்திருந்தான். அவன் உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தன. குரலுக்கு ஒரு நூலிழை முன்னாலேயே அசைந்தன. கடைசிச் சொல் முடிந்ததும், அவன் வலதுகை மேசைமேல் தானாக நகர்ந்துபோய், அங்கே இல்லாத ஒரு பொத்தானை அழுத்தி மைக்கை அணைத்தது.